ஒன்பதாவது முகம்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் குளியலறை ஒன்றுதான். கர்கா மலைச் சுரங்கத்துக்காரர்கள் கட்டிக்கொடுத்த மாடி வீடுகள் எல்லாமே அப்படி. மாடிக்கு இரண்டு குடும்பம், நடுவில் ஒரு குளியலறை, அதற்கு இரண்டு கதவு. ஒன்று எங்கள் சமையலறைக்குள் திறக்கும். மற்றது ருஸ்கோ அண்ணன் வீட்டு நடைக்குள். உள்ளே போகிறவர் எதிர்க் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். வரும்போது தாழை நீக்க மறந்தால் சண்டை.

சனிக்கிழமை மாலை அது குளியலறையாக இருக்காது. ருஸ்கோ அண்ணன் ஜன்னலுக்குக் கம்பளி அடிப்பார். கை கழுவும் தொட்டியின் மேல் பலகை போடுவார். பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும், படத்தைப் பெரிதாக்குகிற ரஷ்ய என்லார்ஜரை அதன்மேல் நிமிர்த்தி வைத்துச் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டாரென்றால் இரண்டு வீட்டுக்காரர்களும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் புருஷன் மான்யோ கதவைத் தட்டுவார்.

"அண்ணே, உள்ள யாரப் போட்டுக் கழுவுறீங்க?"

"உன் மாமியாரத்தான். ஊற வச்சிருக்கேன்."

"நல்லா தேய்ங்க. நாக்குதான் ரொம்பக் கறுப்பு."

"எங்கம்மா நாக்கப் பத்தி உங்களுக்கு என்ன?" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். அடுத்த கதவுக்கு அந்தப் பக்கம் தோன்கா அக்கா சிரிப்பது கேட்கும். தோன்கா அக்கா ருஸ்கோ அண்ணனின் மனைவி. அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களில் இன்று ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம்.

ருஸ்கோ அண்ணன் மரக் கிடங்கில் வேலை பார்த்தார். சுரங்கத்துக்குள் கூரை விழாமல் முட்டுக் கொடுக்கிற பைன் மரங்களை அளந்து அறுக்கிற வேலை. இடது கையில் இரண்டு விரல் பாதிதான். படம் பிடிக்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தபோது ஒரு புத்தகம் கிடைத்ததாம். எங்கள் ஊரில் ஸ்டூடியோ கிடையாது. கல்யாணம், பல் முளைத்த பிள்ளை, புதிதாக வாங்கிய கழுதை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்கமாட்டார். முட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு.

"என் மூக்க ஏன் இவ்ளோ பெருசா எடுத்த?"

"நான் எங்க எடுத்தேன்? உங்கப்பா எடுத்தது. நான் பிரிண்ட் மட்டுந்தான் போட்டேன்."

நான் விளக்கறையில் வேலை செய்தேன். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் விளக்கும் எண் போட்ட பித்தளை வில்லையும் கொடுப்பேன். ஏறி வந்ததும் இரண்டையும் திருப்பித் தர வேண்டும். வில்லையை ஆணியில் மாட்டுவேன். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்காவது சுரங்கப் பாதையில் வாயு வெடித்துத் தீப்பிடித்தது. மதியம் ஆணிகளைப் பார்த்தபோது ஒன்பது காலி. ஒன்று மான்யோவுடையது. இன்னொன்று யாங்கோவுடையது. ருஸ்கோ அண்ணனுக்கும் தோன்கா அக்காவுக்கும் இருந்த ஒரே பிள்ளை அவன். இருபத்திரண்டு வயது. காலையில் விளக்கு வாங்கும்போது, "வேலிகா அத்தை, நல்லா எரியறதா குடு, போன தடவ குடுத்தது உன் கண்ணு மாதிரி மங்கலா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் ஐந்து பேரை வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. இன்னும் மூன்று பேரை மீட்புக் குழுவினர் பார்த்தார்கள், தூக்க முடியவில்லை. சரிந்த கூரைக்கு அந்தப் பக்கம் கிடந்தார்களாம். அந்த மூவரில் மான்யோ ஒருவர். பார்த்தது என் தம்பி பென்கோ. மீட்புக் குழுவில் இருந்தான். முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, மச்சான் பூட்ஸ நான் பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன். தூங்குற மாதிரி இல்ல, ஆனா வலி இல்லாம போயிருக்காரு" என்றான். பென்கோவுக்குப் பொய் சொல்ல வராது. வலி இல்லாமல் என்று அவன் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை.

யாங்கோவை யாரும் பார்க்கவில்லை. அவனை அன்று காலை பாதையின் கடைசியில் இருந்த தண்ணீர் இறைக்கும் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். தீ நடுவில். அவன் அதற்கும் அப்பால்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் அவர் படத்தை வைத்து வீட்டுக் கதவிலும் தெருக் கம்பத்திலும் ஒட்டுவோம். சாவுத்தாள் என்போம். சுரங்கத்தில் செத்தவனுக்கு முதல் தாள் சுரங்க வாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வீட்டாள் கையால்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. அரசர் காலத்தில் ஒருமுறை தீயை அணைக்கப் பாதையைச் செங்கல் சுவர் வைத்து அடைத்தார்கள். காற்று போகாவிட்டால் தீ செத்துவிடும். சுவர் ஈரம் காய்வதற்குள் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம். அதிலிருந்து எங்கள் ஊர் மீட்புக் குழுவினர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எத்தனை வில்லை திரும்பவில்லையோ அத்தனை முகம் வாசல் பலகைக்கு வந்த பிறகுதான் சுவர் கட்டக் கொலுறு எடுப்பார்கள். எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. எந்த இயக்குநரும் அதை மீறச் சொன்னதும் கிடையாது.

எட்டு வீட்டுக்காரர்களும் ருஸ்கோ அண்ணனிடம் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? கோடையில் சுரங்கத் தொழிலாளர் நாளன்று ஆற்றங்கரையில் ஆட்டுக்குட்டி சுட்டுச் சாப்பிட்டபோது அவர் எடுத்த படம் ஒன்று இருந்தது. நான்காவது பாதை ஆட்கள் அத்தனை பேரும் ஒரே படத்தில். அதிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்க வேண்டும். தோன்கா அக்கா சுரங்க வாசலை விட்டு நகரவில்லை. படம் கழுவும் தட்டை அசைக்க ஆள் வேண்டுமே என்று நான் உள்ளே போனேன். மான்யோ போய் நான்காவது நாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சிவப்பு வெளிச்சத்தில் மூன்று தட்டு. முதலில் டெவலப்பர், இரண்டாவது தண்ணீர், மூன்றாவது ஹைப்போ. "ரெண்டாவதோட நிறுத்திட்டா படம் படமா இருக்கும், ஆனா வெளிச்சம் பட்டா நிக்காது. ஹைப்போவுல அஞ்சு நிமிஷம் கிடந்தாத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாம்" என்று ஒரு தடவை சொன்னார். என்லார்ஜர் வெளிச்சத்தில் பலகைமேல் முகங்கள் விழுந்தன. பிலிமில் எல்லாம் மாறித்தானே இருக்கும். கறுத்த பற்களோடு, வெளுத்த மீசைகளோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிலிருந்து அடுத்தவருக்குப் போக அவர் பிலிமைத் தள்ளும்போதெல்லாம் ஓரத்தில் நின்ற யாங்கோவின் முகம் பலகையைத் தாண்டி ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மான்யோ முகம் வந்தபோது நான் சொன்னேன்: "அண்ணே, வாய் நெறைய கறியோட இருக்காரே."

"அவன் வாய் என்னைக்கு காலியா இருந்துச்சு?"

இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்ததும் எனக்கு அழுகை பிடித்துக்கொண்டது. அவர் விளக்குக்கும் தாளுக்கும் நடுவே தன் அரை விரல்களைக் கொண்டுபோய் மெதுவாக ஆட்டினார். கன்னத்தின் புடைப்பு நிழலோடு நிழலாகக் கரைந்தது. தட்டில் மான்யோ மேலே வந்தபோது அவர் எதையோ கவனித்துக் கேட்கிற ஆள்மாதிரி இருந்தார். வாழ்நாளில் அப்படி அவர் எதையும் கேட்டதில்லை.

ஈரப் படங்களைப் பளபளப்பாகக் காய வைக்க எங்கள் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் முகம் வெளியே பார்க்க அழுத்தி ஒட்டினோம். எட்டுப் பேரும் தெருவைப் பார்த்தார்கள். பால் வாங்கப் போன பெண்கள் அப்படியே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றாகச் சடசடவென்று கழன்று தரையில் விழுந்தது.

எட்டுத் தாளும் வாசலுக்குப் போயின. என் கையும் அன்று தாள் ஒட்டிய கைதான். மாவுப் பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

தீ அடங்கவில்லை. ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, பொறியாளர் வல்செவ் எங்கள் மாடிக்கு வந்தார். புருவம் கருகியிருந்தது. ஆறு நாளாகப் படுத்திருக்கமாட்டார். ருஸ்கோ அண்ணன் வீட்டு நடையில் நின்றுகொண்டு தொப்பியைக் கையில் சுருட்டினார். குளியலறையின் இரண்டு கதவும் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. தோன்கா அக்கா அப்போதுதான் சூப்பைச் சூடு பண்ண வந்திருந்தாள். யாங்கோவின் காய்ந்த உடைகளை ஒரு மூட்டையாகக் கட்டி இடுப்பிலேயே வைத்திருந்தாள். ஏறி வந்ததும் மாற்றிக்கொள்ள.

"தோழர் ருஸ்கோ, உட்காரலாமா?"

"உட்காருங்க."

"உட்கார வேண்டாம்," என்றாள் தோன்கா அக்கா. "உட்கார்ந்தா பேச்சு நீளும். நின்னுட்டே சொல்லுங்க."

"அம்மா, தீ மூணாவது பாதைக்குத் தாவப் பாக்குது. அங்க தாவிட்டா சுரங்கமே போயிடும். அதக்கூட விடுங்க. நேத்து மீட்புக் குழுவுல ரெண்டு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. இன்னிக்கு ஒருத்தர். சுவர் வச்சே ஆகணும்."

"வைங்க. யாரு வேண்டாங்குறா?"

"பலகையில எட்டு முகந்தான் இருக்கு."

"எட்டுப் பேருதான் செத்திருக்காங்க."

"ஆறு நாள் ஆச்சு, அம்மா."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"உள்ள காத்து இல்ல. புகை..."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"போக முடியல."

"போக முடியலன்னா செத்துட்டான்னு அர்த்தமா? எங்க ஊட்டு நிலவறைக்குள்ளதான் நாலு வருஷமா நான் போகல. அங்க இருக்க உருளைக்கிழங்கெல்லாம் செத்துப்போச்சா?" அக்கா சூப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "உங்களுக்குப் பையன் இருக்கானா?"

"ரெண்டு பேர்."

"ஒருத்தன் படத்தக் கொண்டுபோய் ஒட்டுங்க. ஒன்பது ஆயிரும்."

வல்செவுக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியாமல் போனது அன்றுதான். அவர் ருஸ்கோ அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் அரை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாது, தோழர் பொறியாளர்," என்றார் கடைசியில். "எட்டுப் பேருக்குப் போட்டேன். அவ்ளோதான் என்னால முடியும்."

வெளியே வந்த வல்செவ் எங்கள் கதவைத் தட்டினார். அச்சடித்த சாவுத்தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். யாங்கோவின் பெயர், வயது, கறுப்புக் கட்டம். படத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது. "அவர் மனசு மாறினா குடுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்." படியிறங்கப் போனவர் திரும்பி, "உங்க புருஷன வெளிய எடுக்காமலே அடைக்கப் போறோம். நீங்க ஒரு வார்த்தை பேசல," என்றார்.

"என் தம்பி உள்ள போறான்," என்றேன் நான்.

பென்கோ அன்று சாப்பிட என் வீட்டுக்கு வந்தான். பீன்ஸ் சூப் வைத்திருந்தேன். கரண்டி பிடிக்க முடியவில்லை, உள்ளங்கை கொப்புளம். நான் ஊட்டப்போனால் தள்ளிவிட்டான். ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். ஒவ்வொரு வாய்க்கும் இருமினான். இருமலில் வந்தது கறுப்பாக இருந்தது.

"நாளைக்கும் இறங்கறியா?"

"எல்லாரும் இறங்கறோம்."

"உடம்ப பாரு."

"நான் நின்னுட்டா நாலு பேர் நின்னுடுவாங்க. அப்புறம் அந்தப் பையன் தனியா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இன்னிக்குக் கயிறு பிடிச்சிருந்தவன் அப்படியே உட்கார்ந்துட்டான். கூப்பிட்டா சிரிக்கிறான். புகை தலைக்கு ஏறிட்டா அப்படித்தான் சிரிப்பாங்க. நாளைக்கு எங்கள்ல ஒருத்தன் திரும்ப மாட்டான். அது நிச்சயம்."

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா? அந்தப் பக்கமிருந்து?"

அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பென்கோ."

"தண்ணிக் குழாய்ல ஏதோ... ரெண்டு தடவ. சூடுல இரும்பு சத்தம் போடும், அக்கா. எப்பவும் போடும்."

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை. அப்புறம் இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா தோன்கா அக்கா வெறும் கையோட உள்ள இறங்கும்."

இதை எழுதும்போது நான் ஒளிக்க ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. குழாய்ச் சத்தத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு விளக்கறையைத் திறக்க வேண்டும். நாலரைக்கு முகம் கழுவக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. எதிர்க் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியாக நடையில் தோன்கா அக்கா தெரிந்தாள். மேசைமேல் தலை கவிழ்ந்து, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, ஆறு நாளில் முதல் தடவையாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ருஸ்கோ அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். அவரும் தூக்கம்.

பலகைமேல் மூன்று தட்டும் இருந்தன. மூன்றாவது தட்டில், திரவத்துக்கு அடியில், யாங்கோ.

சிரிக்காத முகம். அந்தப் படத்தில் அவன் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் மயிர் விழுந்திருந்தது. இத்தனை நாளும் போடமாட்டேன் என்றவர் போட்டுவிட்டார். மனசு மாறிவிட்டது, ஆனால் கொண்டுபோக மனசு வரவில்லை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கூடவே, நினைக்க வேறு வழி இருக்கிறதா என்று தேடவில்லை.

கையை விட்டு எடுத்தேன். மான்யோவின் துண்டில் ஒற்றினேன். மீதமிருந்த மாவுப் பசையைக் கரைத்து, சாவுத்தாளின் வெள்ளை இடத்தில் வைத்து அழுத்தி, செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பனி உறைந்து கிடந்தது. வாசல் பலகையில் மங்கலான ஒரு பல்பு. எட்டு முகத்துக்குப் பக்கத்தில் ஒன்பதாவதை ஒட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு விளக்கறையைத் திறந்து அடுப்பு மூட்டினேன்.

ஆறு மணிக்கு மீட்புக் குழு வந்தது. பலகை முன்னால் நின்றார்கள். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். "ருஸ்கோ ஒட்டிட்டாரு," என்றார் ஒருவர். "பாவம் மனுஷன்," என்றார் இன்னொருவர். பென்கோ விளக்கு வாங்க வந்தபோது அவன் தோள்கள் இறங்கியிருந்தன. ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்தவன் மாதிரி. இறங்கிப் போனார்கள். ஆட்களை இறக்கும் கூண்டில் செங்கல்லும் போயிற்று.

எட்டரை மணிக்கு வெயில் வந்தது. அந்த வாரத்தில் முதல் வெயில். பலகைக்கு நேர் எதிரே மலை இடுக்கிலிருந்து அடித்தது. விளக்கறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது தாளில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் முதலில் இளஞ்சிவப்பாயிற்று. பிறகு கத்தரிப்பூ நிறம். கன்னம், நெற்றி, ஆற்றைப் பார்த்த கண்கள், எல்லாம் ஒரே நிறமாக மூழ்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாவது தட்டில் இருந்தது வெறும் தண்ணீர்.

தோன்கா அக்கா சூப் பாத்திரத்தோடு வந்தாள். பெயரைப் படித்தாள். படம் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள், அழுக்கைத் துடைப்பதுபோல. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் அலுவலகத்திலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். ருஸ்கோ அண்ணன் கோட்டில்லாமல் தெருவில் ஓடிவந்தார். வல்செவ் நேராக விளக்கறைக்குள் நுழைந்தார். கீழே பேசும் தொலைபேசி அங்கேதான் இருந்தது.

"சுவர் எவ்ளோ வந்திருக்கு?" கேட்டுவிட்டு, பேசும் குழலைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே கேட்டார்: "நெஞ்சு உயரம் வந்திருக்கு. யார் ஒட்டினது இத? வீட்டாள் ஒட்டலன்னா சொல்லுங்க, இப்பவே நிறுத்தச் சொல்றேன். எல்லாரையும் மறுபடி உள்ள அனுப்பறேன்."

தோன்கா அக்கா புருஷனைப் பார்த்தாள். "சொல்லுய்யா. நீ ஒட்டலன்னு சொல்லு."

ருஸ்கோ அண்ணன் தாளைப் பார்த்தார். அது எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தட்டுக்கு யாரால் கை நீட்ட முடியும் என்றும் தெரியும். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். நான் வல்செவுக்குப் பின்னால் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. கீழே பென்கோ இருந்தான். என் வாய் திறக்கவில்லை.

"நான்தான் ஒட்டினேன்," என்றார்.

வல்செவ் குழலிலிருந்து கையை எடுத்து, "கட்டுங்க," என்றார்.

தோன்கா அக்கா அவரை அடித்தாள். சூப் பாத்திரத்தாலேயே அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. பீன்ஸ் அவர் சட்டையில் வழிந்தது. நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். அவள் என் தோளில் விழுந்து, "வேலிகா, பாத்தியாடி, பெத்தவனே..." என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் மாதம் சுவரை இடித்தார்கள். மான்யோவை எடுத்தார்கள், மற்ற இருவரையும் எடுத்தார்கள். யாங்கோ தண்ணீர் இறைக்கும் அறையில் இருந்தான். விசாரணைக் குழுவின் தாளில், வெடித்த ஒரு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்திருக்கும் என்று எழுதியிருந்தது. பென்கோ அவனைத் தூக்கியவர்களில் ஒருவன். என்னிடம் வந்து உட்கார்ந்து ராக்கிச் சாராயம் கேட்டான். இரண்டு கிளாஸ் குடித்த பிறகு சொன்னான்.

"பூட்ஸ கழட்டி ஜோடியா வச்சிருந்தான், அக்கா. சாப்பாட்டு டப்பா காலி. கழுவிக் கவுத்து வச்சிருந்தான்."

"ஒரு மணி நேரத்துல சாப்பிட்டிருக்கலாம்ல."

"பத்து மணிக்கு எவன் சாப்பிடுவான்?"

"எத்தன நாள்னு..."

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. என்னக் கேக்காத." அதோடு அவன் மீட்புக் குழுவை விட்டுவிட்டான். சமவெளிக்குப் போய் டிராக்டர் ஓட்டினான். உயிரோடு இருந்தான், இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன்.

தோன்கா அக்கா புருஷனோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். அதே வீடு, அதே மேசை, பதினோரு வருஷம். நடுவில் நான். "அவங்கிட்ட சொல்லு, சட்டையில பொத்தான் இல்ல." "அவகிட்டச் சொல்லு, பரவால்லன்னு." குளியலறையின் ஒரு கதவில் நின்று கேட்டு மறு கதவில் போய்ச் சொல்வேன். நான் ஞாயிற்றுக்கிழமை கோதுமை அவித்துச் சர்க்கரை தூவி மான்யோவின் நினைவாக எல்லா வீட்டுக்கும் கொடுக்கும்போது அக்கா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அரை நாள் பேசிக்கொண்டிருப்பாள். வேறு யார் வீட்டுக்கும் போகமாட்டாள். ருஸ்கோ அண்ணன் என்லார்ஜரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குப் படமே இல்லை.

அவருக்கு நெஞ்சு கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்தபோது ஒரு பகல் நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். பதினோரு வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அண்ணே, எதுக்கு அத போட்டீங்க?"

"பார்க்கணும்னு தோணுச்சு. சிவப்பு வெளிச்சத்துல மட்டும். ஹைப்போவுல போட்டா அது சாவுத்தாள் ஆயிரும். தண்ணியில போட்டா, கதவத் திறக்காத வரைக்கும் இருப்பான்." மூச்சு வாங்கினார். "தூங்கியிருக்கக் கூடாது."

"அக்காகிட்ட நான் சொல்லிடறேன். நீங்க இருக்கும்போதே."

என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த அரை விரல்களில் இன்னும் பலம் இருந்தது.

"சொல்லாத. அன்னிக்கு நான் இல்லன்னு சொல்லியிருந்தா உன் தம்பி மறுபடி இறங்கியிருப்பான். அவன் பேர் பத்தாவதா வந்திருக்கும். நான் யோசிச்சுத்தான் சொன்னேன். உனக்காக மட்டுமில்ல. எங்கூட அவ பேசாட்டி நான் தாங்கிக்குவேன், எனக்கு மரம் இருக்கு, அறுக்கலாம். உன்கூடயும் பேசாமப் போனா அவ யார்கூடப் பேசுவா? சொல்லு. இந்த ஊர்ல யார்கூடப் பேசுவா?"

ரொட்டியோடு அக்கா உள்ளே வந்தாள். "என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டாள்.

"தண்ணி கேட்டாரு," என்றேன்.

அவரை யாங்கோவின் இடது பக்கத்தில் புதைத்தோம். அவருக்கு இன்னொரு பக்கம், வேலி ஓரமாக, தோன்கா அக்காவுக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

தோன்கா அக்கா அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தாள். கடைசி ஆறு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன், அதே குளியலறையில். ஒரு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நீ இல்லாட்டி நான் அன்னிக்கே சுரங்கக் குழில விழுந்திருப்பேன்டி."

"சும்மா இருங்க அக்கா, சோப்பு கண்ணுல போகும்."

"செத்தா என்ன அவன் பக்கத்துல போடாத. எம்புள்ள முகத்தக் கொண்டுபோய் ஒட்டினவன் அவன். எம்புள்ளைக்கு வலது பக்கம் போடு. சத்தியம் பண்ணு."

செம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். சுற்றி ஒருவரும் இல்லை. பென்கோவும் அந்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். நான் உண்மையைச் சொல்வதால் கெட்டுப்போக இனி யாரும் மிச்சமில்லை, அவளையும் என்னையும் தவிர.

"பண்ணு," என்றாள்.

"சத்தியம்," என்றேன். அடுத்த செம்பை ஊற்றினேன்.

அவள் சொன்னபடியே செய்தேன். யாங்கோவுக்கு வலது பக்கம் அவள். இடது பக்கம் ருஸ்கோ அண்ணன். அவருக்கு அடுத்த இடம் காலியாகவே கிடக்கிறது. கல்லறைக்குப் போகிறவர்கள் யாருக்காக இது என்று என்னைக் கேட்கிறார்கள். வேலி ஓரத்துப் புல் அந்த இடத்தில்தான் வேகமாக வளர்கிறது. முழங்கால் மடங்குகிற வரைக்கும் நான் வெட்டிக்கொண்டிருப்பேன்.